தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு பூந்தோட்டம்

எங்கள் பரம்பரையில் யாரும் மண்வெட்டி பிடித்ததில்லை ஸார். தாத்தா கணக்குப்பிள்ளை, அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க், நான் கம்ப்யூட்டர். மூன்று தலைமுறையாக நாங்கள் தூக்கிய அதிகபட்ச ஆயுதம் பேனா. என்னிடம் அதுவும் கிடையாது, மவுஸ்! அப்பேர்ப்பட்ட நான் அமெரிக்காவில், சிகாகோவுக்கு மேற்கே இருக்கிற அரோராவில், முழங்கால் போட்டு உட்கார்ந்து பூச்செடிக்குக் குழி தோண்டுகிறேன் என்றால் அதற்குக் காரணம் புல்.

2019-ல் வீடு வாங்கினேன். 'வாங்கினேன்' என்பது மரியாதைக்குச் சொல்வது. வாங்கியது பாங்க். நான் முப்பது வருஷத்துக்கு வாடகை கட்டுகிறேன். வீட்டைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று புல்தரை. போட்டோ எடுத்து மாயவரத்துக்கு அனுப்பினேன். "மாடு கட்டலாம் போல இருக்கேடா" என்றார் அப்பா. கட்டியிருக்கலாம்! இந்த ஊரில் புல் உயரமாக வளர்ந்தால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள், அப்புறம் நோட்டீஸ் வரும். ஆகவே சனிக்கிழமைதோறும் மெஷினைத் தள்ளிக்கொண்டு நான்தான் மேய வேண்டும்.

அப்படி மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதத்தில்தான் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தோட்டம் கண்ணில் பட்டது. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையரானவர். அவர் வாசலில் பாதிக்குப் பாதி புல்லே கிடையாது. இடுப்பு உயரத்துக்குத் தண்டு தண்டாகச் செடிகள். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஆரஞ்சும் பழுப்புமாக, முள்ளு முள்ளாக ஒரு குமிழ். அதைச் சுற்றி ஊதா கலந்த ரோஸ் இதழ்கள், கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு. பாட்மின்டன் பந்தைக் கார்க் மேலே வருகிற மாதிரி நட்டு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

"கோன் ஃப்ளவர். இந்த மண்ணோட பூ. இதை நட்ட இடத்துல மெஷின் தள்ள வேண்டாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் தேனாகப் பாய்ந்தது. ஒரு பழைய கவரில் போன வருஷத்து விதைகளைப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அவரைக்காய்க்குப் போடுகிற மாதிரி இரண்டு அங்குலம் குழி தோண்டிப் போட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.

செப்டம்பர் வரை ஊற்றினேன். புல் நன்றாக முளைத்தது.

தாத்தாவிடம் போய் நின்றேன். "குளிர் காட்டினியா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. எனக்கே குளிர் காட்டக் கூடாது என்று இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறவன் நான். விதைக்கு எதற்குக் குளிர்?

விஷயம் இதுதான். கோன் ஃப்ளவர் விதை உதிர்வது இலையுதிர் காலத்தில். அக்டோபரில் நாலு நாள் வெயில் அடித்ததும், 'ஆஹா, சமயம் வந்தாச்சு' என்று அது முளைத்துவிட்டால் என்ன ஆகும்? நான் வீடு பார்த்துக்கொண்டிருந்த அந்த 2019 ஜனவரி 30-ம் தேதி சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் பதிவான குளிர் மைனஸ் 30 டிகிரி செல்ஸியஸ். பச்சைத் தளிர் என்ன ஆகும் சொல்லுங்கள். அதனால் ஈரத்தோடு ஒரு குளிர்காலம் கழிகிற வரைக்கும் உள்ளுக்குள்ளேயே ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டு பெரும்பாலான விதைகள் தூங்குகின்றன. அந்தக் குளிர்தான் சாவி. காட்டாவிட்டாலும் இந்த ஊதா ரகத்தில் சிலது முளைக்கும், காட்டினால் நிறைய முளைக்கும் என்றார் தாத்தா. இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தால் மட்டும் பிரம்மதேவனே வந்து தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காது. மேலாக மண் தூவினால் போதுமாம்.

நவம்பரில் வெளியே விதைத்துவிட்டால் பனியே பார்த்துக்கொள்ளும். நான் அதைத் தவற விட்டேன். (ஆபீஸில் ரிலீஸ். நவம்பரில் எப்போதும் ரிலீஸ்தான்!) அதற்குத் தாத்தா சொன்ன குறுக்கு வழி ஃப்ரிட்ஜ். ஈர மணல் ஒரு கைப்பிடி எடுத்து விதையைக் கலந்து, ஜிப் பையில் போட்டு நாலு வாரம் வைக்கணும். ஃப்ரீஸரில் அல்ல, கீழே. 2020 பிப்ரவரி முதல் தேதி தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மூன்றாவது வாரம் என் சகதர்மிணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, ஃப்ரிட்ஜுல ரவை பூத்துப்போய் கிடந்துது. தூக்கிப் போட்டுட்டேன்."

"பூக்கறதுக்குத்தாண்டி வெச்சேன்!"

குப்பை லாரி அன்று காலையிலேயே போய்விட்டது. மறுபடி தாத்தா, மறுபடி கவர், மறுபடி மணல். இந்தத் தடவை பையின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'சாப்பிடக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது' என்று எழுதி ஒட்டினேன். அது ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே மார்ச் 21-ம் தேதி இல்லினாய் மாநிலம் முழுக்க எல்லோரும் வீட்டுக்குள் இரு என்று உத்தரவு வந்தது. விதையும் நானும் ஒரே சமயத்தில் உள்ளே இருந்தோம்.

ஏப்ரலில் ஜன்னலோரத்துத் தட்டில் இருபத்திரண்டு முளைத்தன. மே கடைசியில், இனி உறைபனி வராது என்று தெரிந்த பிறகு, நல்ல வெயில் விழுகிற இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டேன். எருவெல்லாம் அள்ளிப் போடாதே என்றார் தாத்தா. போட்டால் கொழுத்து வளர்ந்து தண்டு சாயுமாம். முதல் வருஷம் மட்டும் காய விடாமல் தண்ணீர், அப்புறம் அது பாடு.

முயலைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் எட்டுச் செடி தரைமட்டம். பக்கத்தில் ஒரு முயல், காலண்டரில் வருகிற மாதிரி வெள்ளை வாலோடு அழகாக உட்கார்ந்து என்னையே பார்த்தது. குழந்தை, "அப்பா, சோ க்யூட்!" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பி வலை வாங்கி, அடிப்பாகத்தை மண்ணுக்குள் புதைத்துக் கோட்டை கட்டினேன். தப்பித்தது பதினாலு.

அந்தப் பதினாலும் அந்த வருஷம் பூக்கவே இல்லை. சொரசொரப்பாக நாலு இலை, அவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தாத்தா சிரித்தார். முதல் வருஷம் வேருக்குத்தானாம். நம் பாஷையில் சொன்னால் ப்ரொபேஷன். ஆள் ஆபீஸில் இருப்பார், வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் வருஷம்தான் கன்ஃபர்மேஷன்.

2021 ஜூலையில் கன்ஃபர்ம் ஆனது. ஆபீஸ் மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, நாம் 'ஒரு பூ' என்கிறோமே, அது ஒரு பூ இல்லை. நடுக் குமிழில் மட்டும் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் பூக்கள். ஓரத்து வரிசையில் ஆரம்பித்து நாளொரு வட்டமாக நடுவை நோக்கி மலர்கின்றன. தேனீ அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வரும், கோயில் பிராகாரம் மாதிரி. தொட்டால் முள் சுருக்கென்று இருக்கும், குத்தாது. கிரேக்க மொழியில் முள்ளம்பன்றி வகைக்குச் சொல்கிற வார்த்தையிலிருந்துதான் 'எக்கினேசியா' என்று 1794-ல் மோன்ச் என்கிற ஜெர்மன்காரர் பெயர் வைத்தார். பூவைப் பார்த்து முள்ளம்பன்றி ஞாபகம் வந்த மனுஷர், வீட்டில் சம்சாரத்தை எப்படிக் கூப்பிட்டாரோ!

நர்ஸரிக்குப் போனால் இதில் மஞ்சள், ஆரஞ்சு, அடுக்கு என்று விதவிதமாக ஒட்டு ரகங்கள் கண்ணைப் பறிக்கும். என் நண்பன் ஒருவன் நல்ல விலை கொடுத்து மாம்பழக் கலரில் வாங்கினான். இரண்டு குளிர்காலத்தில் காணாமல் போனது. அடுக்குப் பூவில் குமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் இதழாகிவிடுவதால் தேனீக்கு அங்கே வேலை குறைவு. பந்தியில் பெரிய இலை போட்டுச் சாதம் போடாத கதை. தாத்தாவின் கவர் விதைக்கு நான் விசுவாசி.

'இந்த மண்ணோட பூ' என்று தாத்தா சொன்னதன் அர்த்தமும் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. இல்லினாய் ஒரு காலத்தில் பிரெய்ரி எனும் புல்வெளிப் பூமி. ஆள் உயரப் புல்லும், அதற்கு நடுவே இந்த மாதிரிப் பூக்களுமாக 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் இருந்ததாம். மண் கன்னங்கரேல். பசை மாதிரி ஏரில் ஒட்டிக்கொள்ளும், பழைய கலப்பைகள் திணறின. 1837-ல் ஜான் டியர் என்கிற கொல்லர் இதே இல்லினாயில் எஃகுக் கலப்பை செய்தார். மண் வழுக்கிக்கொண்டு போயிற்று, பிரெய்ரியும் போயிற்று. இன்றைக்குச் சிதையாமல் மிச்சம் இருப்பது சுமார் 2,500 ஏக்கர். எங்கள் தெருவில் மக்காச்சோளமும் போய், வீடு வந்து, புல் பாய் விரித்து, அதை வெட்ட மாயவரத்திலிருந்து நான் வந்திருக்கிறேன்!

இந்தச் செடியை ஜலதோஷ மருந்தாகத்தான் பலருக்குத் தெரியும். இங்கே மருந்துக் கடையில் மாத்திரையாக, டீத்தூளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சமவெளிப் பழங்குடி மக்கள் இதன் குறுகிய இலைத் தம்பியின் வேரைப் பல்வலிக்கும் பாம்புக் கடிக்கும்கூடப் பயன்படுத்தினார்கள். ஆபீஸில் மூக்கைச் சிந்தினால், "உன் தோட்டத்துலதான் இருக்கே, கஷாயம் போடு" என்று இலவச ஆலோசனை. 2005-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வந்தது. ஆட்களுக்கு வேண்டுமென்றே ஜலதோஷக் கிருமியைக் கொடுத்து, அந்த வேர்ச் சாற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி பலன் இல்லை. எங்கள் வீட்டில் சுக்குக் காபிதான். பூ பூவாகவே இருக்கட்டும்.

இனி அம்மா கதை.

2023 ஜனவரியில் அப்பா காலமானார். காரியம் எல்லாம் முடிந்து, விசா கிடைத்து, ஜூனில் அம்மாவை அழைத்து வந்தேன். மாயவரத்து வீட்டுக் கொல்லையில் பவழமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி என்று விடியற்காலையில் குடலை நிரம்பப் பறித்தவள். இங்கே காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நடை நடையென்று நடந்தாள். ஜூலையில் செடி பூத்தது.

"இதுக்குப் பேர் என்னடா?"

"எக்கினேசியா."

"வாயில நுழையலை. ஊதா சாமந்தின்னு வெச்சுக்கலாம்."

வேடிக்கை என்னவென்றால், அம்மா சொன்னது சரி. சாமந்தி, சூரியகாந்தி, நம் ஊர்க் கரிசலாங்கண்ணி, வரப்போரத்து மூக்குத்திப் பூ எல்லாம் இதோடு ஒரே குடும்பம். தாவர சாஸ்திரக்காரர்கள் லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்ததை அம்மா மூக்குக்கண்ணாடியில் கண்டுபிடித்துவிட்டாள். தொடுக்கப் பார்த்தாள், காம்பு கம்பி மாதிரி விறைத்தது. "வாசனையும் இல்லை, சாமிக்கு வைக்கலாமாம்மா?" என்றாள் என் மனைவி. "செம்பருத்திக்கு என்ன வாசனை இருக்கு? வாங்கிக்கத்தானே வாங்கிக்கறார்" என்று கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விட்டாள்.

சமையலறைப் படிக்குப் பக்கத்தில் ஒரு செடி. அது அம்மாவுடையது என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. காலைக் காபியோடு படியில் உட்கார்ந்து அதனிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. "கையெழுத்து சரியா இல்லைன்னு பென்ஷன் பேப்பரைத் திருப்பி அனுப்பிட்டான். நீங்க இருந்திருந்தா ஒரு நடை போய் முடிச்சிருப்பீங்க..." நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்டில் அந்தச் செடியில் ஒரு பூ பச்சையாகவே நின்றது. "பாருடா, பச்சை சாமந்தி!" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் குமிழிலிருந்து கொத்துக் கொத்தாக இலை முளைத்தது, பூவுக்குத் தலைமுடி வந்த மாதிரி. கீழ் இலைகள் மஞ்சள். இன்னும் இரண்டு செடிகளிலும் அதே கோலம்.

தாத்தா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப் பேன். அதுவானால் குமிழில் மட்டும் கொத்து வரும், பூவை மட்டும் வெட்டினால் போதும், செடி பிழைக்கும். இன்னொன்று ஆஸ்டர் மஞ்சள் நோய். பாக்டீரியா ஜாதியிலேயே சுவர் இல்லாத ஒரு கிருமி, செடியின் சாற்றுக் குழாயில் குடியிருக்கும். தெற்கேயிருந்து காற்றோடு வருகிற தத்துப்பூச்சி ஒரு செடியில் சாறு குடித்து அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மருந்தே கிடையாது. வேரோடு பிடுங்கணும். இல்லாவிட்டால் மற்றச் செடிகளுக்கும் அதுதான் ஊற்று.

பேனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இல்லினாய் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவில் செடி நோய்க்கு வழி சொல்லும் தன்னார்வத் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். கொத்தும் இலையுமாக வெட்டிப் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஓர் அம்மையார் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். இதழே பச்சை, இலையும் மஞ்சள், செடியே குறுகிவிட்டது. பேன் இவ்வளவு செய்யாது என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா முகம் மாறிவிட்டது.

"நோய்னா வைத்தியம் பாக்கணும். பிடுங்கிப் போடுவாளா யாராவது?"

"வைத்தியம் இல்லைம்மா. மத்த செடிக்குப் பரவும்."

"உங்கப்பாவைக்கூட டாக்டர் முதல் நாளே கையை விரிச்சுட்டார். பத்தொம்பது நாள் வெச்சுப் பாக்கலையா நாம?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? மற்ற இரண்டையும் பிடுங்கினேன். படியோரத்துச் செடியைத் தொடவில்லை. ஆபீஸில் எத்தனையோ முடிவுகளை 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போட்டவன்தானே. பத்து நாள் போயிற்று. அதற்குப் பக்கத்துச் செடியில் ஒரு மொட்டு பச்சையாக விரிந்தது. என் தாமதத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பூச்சி முன்னாடியே கடித்திருக்கலாம், அறிகுறி தெரியவே வாரக்கணக்காகும். ஆனாலும் எனக்குத் தொண்டையில் அடைத்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் படியோரத்தில் குழி. செடியை வேரோடு எடுத்து, மண்ணை உதறி, குப்பைப் பையில் போட்டுக் கட்டியே வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து. கையெல்லாம் மண். "காபி போடச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

பதினாலில் பத்து மிச்சம். செப்டம்பரில் இதழ் உதிர்ந்து குமிழ்கள் கறுத்துக் காய்ந்தன. என் மனைவி கத்தரிக்கோலோடு கிளம்பினாள். 'இருக்கட்டும், விருந்தாளி வரும்' என்று தாத்தா வேலிக்கு மேலே கை காட்டினார். வந்தது. மஞ்சள் நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி, கறுப்பு இறக்கை. கோல்ட் ஃபிஞ்ச். காய்ந்த குமிழின் உச்சியில் உட்கார்ந்து, தண்டு ஆட ஆட, விதையைக் கொத்தி உமியைத் துப்பும். மற்றப் பறவைகள் எல்லாம் வசந்தத்தில் கூடு கட்டினால் இது விதை முற்றுகிற கோடைக் கடைசி வரைக்கும் காத்திருக்கிற ஜாதி. அம்மா அசையாமல் படியிலேயே உட்கார்ந்து பார்த்தாள். "இதை வெட்டினா பாவம்" என்று தீர்ப்புச் சொன்னதும் கத்தரிக்கோல் டிராயருக்குத் திரும்பிப் போனது.

விதை கொஞ்சம் மாயவரத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றாள். அதற்கு இறக்குமதி அனுமதி, செடிச் சுகாதாரச் சான்றிதழ் எல்லாம் வேண்டும் என்றேன். "கடுகு அத்தனைக்கு அனுமதியா?" என்றாள். அனுமதி கிடைத்தாலும் மாயவரத்தில் குளிருக்கு எங்கே போவது? அங்கேயும் ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில்தான் வைக்கணும், அப்புறம் வருகிற வெயிலில் அது என்ன பாடு படுமோ.

நவம்பரில், தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மாவுக்கு டிக்கெட். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், நோய் இல்லாத செடியிலிருந்து ஒரு குமிழைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினாள். "அந்தக் குழியிலேயே போடலாமா? மண்ணுல விஷம் இருக்குமா?" என்று கேட்டாள். அந்தக் கிருமி உயிருள்ள செடியிலும் பூச்சியிலும்தான் வாழும், மண்ணில் தங்காது என்று விசாரித்து வைத்திருந்தேன். ஸ்வெட்டர், மேலே கோட்டு, அதற்கு மேலே அப்பாவின் மஃப்ளர் கட்டிக்கொண்டு அந்த நாலு குழியிலும் தூவி, மேலாக மண் தள்ளினாள். நானாக இருந்தால் இரண்டு அங்குலம் புதைத்திருப்பேன்.

ஊரில் இறங்கியதும் போன். "பனி பெய்ய ஆரம்பிச்சுதா?" சாதாரணமாக எல்லா அம்மாக்களும் பனி பெய்யக் கூடாதென்று கவலைப்படுவார்கள். என் அம்மா பெய்யவில்லையே என்று கவலைப்பட்டாள்.

2024 மே மாதம் அந்த இடத்தில் ஆறு முளை. முயல் பழைய பாக்கியை வசூல் பண்ணிக்கொண்டு இரண்டைத் தின்றது. நாலுக்குக் கம்பி வலை. அந்த வருஷம் அவை ப்ரொபேஷன். 2025 ஜூலையில் படியோரத்தில் பூ வந்துவிட்டது. இதழ் ரோஸாகத்தான் இருக்கிறதா என்று மூன்று நாள் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, மாயவரத்தில் காலைக் காபி நேரம் பார்த்து வீடியோ கால் போட்டேன். அங்கே காலை என்றால் இங்கே ராத்திரி எட்டு. வெளிச்சம் போவதற்குள் காட்ட வேண்டுமே என்று படி இறங்கி ஓடினேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கைய ஆட்டாம காட்டுடா... அந்தக் கீழ் இலையைக் காட்டு... ஏண்டா வாடியிருக்கு? தண்ணி ஊத்தறியா இல்லையா நீ?"